தேயாத தங்கம், தேய்ந்த எலும்பு

பல் இல்லாத இடத்தில் பிரிட்ஜ் ஒட்டி முடித்ததும் இளம் டாக்டர்கள் நீங்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறீர்கள். கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்போனில் ஒரு படம் எடுக்கிறீர்கள். பிறகு "சௌகரியமா இருக்கா?" என்று கேட்கிறீர்கள். வாய்க்குள் பஞ்சை அடைத்து வைத்துவிட்டுக் கேட்டால் மனுஷன் தலையை ஆட்டாமல் வேறென்ன செய்வான்? அவன் ஆட்டியதும் நீங்களும் திருப்தியாகக் கையைக் கழுவிவிடுகிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இங்கே ஒரு நாற்காலியும் காபியும் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் காபிக்காகவாவது ஒரு விஷயத்தைச் சொல்லிவைக்கிறேன். கேட்டுவிட்டு நாளைக்கு மறந்தாலும் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, உங்கள் பேஷண்ட்டுக்குத்தான்.

நான் பாலக்காட்டில் தனியாகக் கிளினிக் போட்டது எழுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன் சக்குபள்ளம் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்ட ஆஸ்பத்திரியில் சில வருஷம் இருந்தேன். அங்கே பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது மட்டும்தான். பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்துப்போய், ஒரு தடவையாவது எதையாவது கட்ட வேண்டும் என்ற ஆசையில் ஊருக்குத் திரும்பினேன். என் சொந்த இடம் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரம். ஊரார் எச்சிலில் கை வைக்கிற பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்று எங்கள் தெருவில் பெரிய கவலை. கடைசியில் கட்டிக்கொண்டவருக்கே இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கிளினிக் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. என்னிடம் பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று உண்டு. நான் சுவிட்சைப் போட்டால் கீழே கடையில் விளக்கெல்லாம் மங்கும். கல்யாணப் புடவைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள் அரக்கா கறுப்பா என்று தெரியாமல் திண்டாடுவார்கள். கடைக்காரர் மாடிப்படியில் நின்று, யாருக்காவது பல் வலித்தால் தன் வியாபாரம் ஏன் படுக்க வேண்டும் என்று நியாயம் கேட்பார். நானும் அவருக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன்.

தாடை எலும்பைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்துகிற உத்தேசமில்லை. பரீட்சை எழுதித் தேறியவர்கள் நீங்கள். ஆனால் படித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரிய வேண்டுமே. என்னைக் கேட்டால் எலும்பு என்பது சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. வேலையே கொடுக்காவிட்டால் ஸீட்டை விட்டு எழுந்து போய்விடுவார். தலைக்கு மேல் வேலையைக் குவித்தால் மெடிக்கல் லீவு. அளவாகக் கொடுத்தால் சாயங்காலம் வரை அங்கேயே இருப்பார். பல்லைப் பிடித்திருக்கிற எலும்பும் இப்படித்தான். மெல்லுகிற அழுத்தம் அளவாக விழுந்தால் திடமாக நிற்கும். விழாமலே போனால் சன்னமாகும். அளவுக்கு மீறினால் வேரைச் சுற்றிக் கரைந்து, பல் ஆடத் தொடங்கும். இதில் ஒரே ஒரு நல்ல சேதி, பாரத்தைக் குறைத்து அழுக்கையும் எடுத்துவிட்டால் ஆடின பல் பல சமயம் மறுபடி இறுகிவிடும். பிடுங்கிவிட்டால் இறுகுவதற்கு ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தாலும், ஒரே வாயில் இடமும் வலமுமாக எனக்குக் காட்டியவர் சின்னச்சாமி கவுண்டர்.

கவுண்டருக்குக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தோட்டமும் மானாவாரிக் காடும் இருந்தன. நல்ல ஆகிருதி, நல்ல மீசை, மனைவி பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மனைவி பெயர் மாராத்தாள். ஒடிசலான பெண்மணி. வீட்டுச் சாவிக்கொத்து இடுப்பில் இருக்கும், சேலைத் தலைப்பு எப்போதும் வாயை மூடியிருக்கும். தலைப்புக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் என்னவோ கலெக்டர் குரல்.

முதல் தடவை அவர்கள் வந்தது இடப்பக்கக் கீழ்த்தாடையில் விழுந்துபோன ஒரு கடைவாய்ப் பல்லுக்காக. இருபக்கமும் இருந்த பற்களைத் தூணாக வைத்து நடுவில் ஒன்று கட்டலாம் என்றேன். அந்தக் காலத்தில் கடைவாயில் கட்டுவதென்றால் தங்கம்தான். பேஷண்ட்டே தங்கம் கொண்டு வருவார். மாராத்தாள் தன் தாய்வீட்டு வளையலில் ஒன்றைக் கொண்டு வந்தாள். கூடவே குடும்பத்து நகைப் பத்தரையும் அழைத்து வந்தாள். அவர்கள் பக்கத்தில் தங்கம் உருகுகிற இடத்தில் வீட்டு மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டும். உருக்குகிறவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி, இது மாறாது.

பின்னறையில் தங்கத்தை உருக்கிப் பல் செய்துகொடுத்த என் மெக்கானிக் ஏற்கெனவே பயந்த சுபாவம். எதிரே மாராத்தாள் மணை போட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்க, பத்தர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, மெக்கானிக் தடுமாறி ஊதுகுழலால் தன் முழங்காலையே சுட்டுக்கொண்டார். தேய்த்து மெருகு போட்டபோது விழுந்த துகளையெல்லாம் பத்தர் ஒரு மயிலிறகால் கூட்டிக் காகிதத்தில் சேர்த்தார். பிறகு மெக்கானிக்கை எழுந்து நிற்கச் சொல்லி அவர் வேட்டியையும் உதறச் சொன்னார். உதறினார், பாவம். அன்றைக்குச் சாயங்காலம் வேலையை விட்டுவிடுகிறேன் என்று என்னிடம் வந்து நின்றார். சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒட்டி முடித்து அனுப்பும்போது மாடிப்படியில் மாராத்தாள் பத்தரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வாயில் இருக்கிற தங்கம் தேயுமா என்று கேட்டாள். பத்தர் தீர்ப்புச் சொல்கிற தோரணையில், "கையில கெடக்கற வளையலே தேயுதுங்க அம்மணி. இது மூணு வேளையும் அரைபடுமுங்க. தேயாம என்ன பண்ணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பேஷண்ட் வந்து உட்கார்ந்ததும் அதை மறந்துபோனேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். கவுண்டர் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மாராத்தாள். அவளுக்குப் பின்னால் தராசுப் பெட்டியோடு பத்தர். மாராத்தாள் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். அது ஜோடி வளையலில் மற்றது.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரம். தை மாசம் முகூர்த்தம். அதற்குள் வாயைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று கவுண்டருக்கு அவசரம். என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

"பீச்சாங்கைப் பக்கம் தங்கம் வெச்சதிலிருந்து ஒரு தொந்தரவில்லீங்க. சோத்தாங்கைப் பக்கந்தான் ஆடுது, வலிக்குது. அந்த ரெண்டயும் புடுங்கிப்போட்டு அங்கயும் தங்கமே வெச்சுருங்க" என்றார் கவுண்டர்.

வாயைப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் விரலுக்கு அசைந்தன. சொத்தை இல்லை, ஒன்றுமில்லை. இடப்பக்கம் திரும்பினேன். என் பிரிட்ஜ் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதுபோல் பளபளவென்றிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தேன். ஒரு வருஷம் சோறு மென்ற தங்கம் அப்படி இருக்காது. மங்கியிருக்கும், மெல்லிசாகக் கீறல் விழுந்திருக்கும். இதில் ஒரு கீறல் கிடையாது. சுற்றியிருந்த ஈறு மட்டும் வீங்கி, காறை படிந்து, தொட்டாலே ரத்தம் வந்தது.

எக்ஸ்ரே எடுத்தேன். கீழே விளக்கு மங்கி, ஜவுளிக்கடைக்காரர் படியேறி வந்து, பத்தரின் தராசைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய விவகாரம் என்று நினைத்துத் திரும்பிப் போனார். படத்தில் வலப்பக்க வேர்களைச் சுற்றிக் கறுப்பாக இடைவெளி. எலும்பு விளிம்பில் கரைந்து இறங்கியிருந்தது. இடப்பக்கம் வேறு விதம். அங்கே எலும்பின் பின்னல் நைந்துபோன வேட்டி மாதிரி சன்னமாக இருந்தது.

இருபக்கமும் மெல்லுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், கேட்காதீர்கள், தின்னக் கொடுத்துப் பாருங்கள். எதிர்க்கடையிலிருந்து நேந்திரங்காய் வறுவல் வாங்கிவரச் சொன்னேன். கவுண்டர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நாக்கு அதை நொடியில் வலப்பக்கம் கொண்டுபோனது. கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியும் அங்கேயேதான் மென்றார். இரண்டாவது வறுவலை நானே என் விரலால் தங்கத்தின் மேல் வைத்தேன். அவர் கடிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். வறுவல் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது.

மாராத்தாள் ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்ற பாவத்தில் சொன்னாள். கட்டின நாளிலிருந்தே அந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாளாம். தேய்ந்துபோன தங்கத்தை யார் திருப்பித் தருவார்கள்? விசேஷ வீடுகளில் கவுண்டர் இடப்பக்கம் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி நின்று, இடப்பக்க வாயால் சிரிப்பார். மற்றபடி அந்தத் தங்கத்துக்கு வேறு வேலை கிடையாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கோபத்தில்தான் நன்றாக விளக்குவேன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

"ஒரு ஜோடிக் காளை வாங்கறேள். ஒண்ணைக் கொட்டில்ல நிறுத்தி, மணி கட்டி அழகு பாக்கறேள். மத்ததை மட்டும் பூட்டி எல்லாக் காட்டையும் உழறேள். அது படுத்துக்கறது. உடனே அதை வித்துட்டு, அந்த எடத்திலயும் ஒரு அழகுக் காளை வேணும்னு வந்து நிக்கறேள். அப்பறம் உழறது யாரு? மனசிலாச்சா?" என்றேன்.

கவுண்டர் வெகுநேரம் யோசித்தார். நான் சொன்னது முழுக்க நியாயம் என்றார். கல்பாத்தி அம்மாவுக்குக் காளையைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டார். பிறகு, வலப்பக்கம் தங்கம் வைக்க எப்போது வரட்டும் என்று கேட்டார்.

இரண்டு பக்கமும் தங்கமாகிவிட்டால் எந்தப் பக்கம் மெல்லுவதாக உத்தேசம் என்றேன். இதை அவர்கள் மூவரும் யோசித்திருக்கவில்லை. பத்தர்தான் முதலில் தெளிந்தார். முன்பற்கள் எல்லாம் சும்மாதானே இருக்கின்றன என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முடியாது என்று நான் அனுப்பிவிட்டால் கவுண்டர் வீட்டுக்குப் போகமாட்டார். சந்தையில் பாய் விரித்துப் பல் பிடுங்குகிற ஆள் இருக்கிறான் என்று பத்தர் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லிவிட்டார். பிடுங்கின இடத்தில் தங்கம் கட்டுவதைத்தான் என் பின்னறையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாயிற்றே, தன்னால் முடியாதா என்ற எண்ணம் பத்தர் முகத்திலேயே எழுதியிருந்தது. இறுக வாய்ப்பிருக்கிற இரண்டு நல்ல பற்கள் அன்றைக்கே போய்விடும். அதன் பிறகு அந்த மனுஷர் ஆயுள் முழுக்க முயல் மாதிரி முன்பல்லால் கொறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எலும்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசினாலும் பிரயோஜனமில்லை. விளக்கம் தோற்ற இடத்தில் மேலும் மேலும் விளக்குகிற வழக்கம் உங்களுக்கு உண்டு, பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் கையில் கருவியை எடுத்தேன்.

"இது நகைன்னா பெட்டியில இருக்கட்டும். இப்பவே கழட்டித் தரேன், இந்தம்மா ஆத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமா வெச்சுக்கட்டும். பல்லுன்னா மெல்லணும். ரெண்டில ஒண்ணு சொல்லுங்கோ" என்றேன்.

பிரிட்ஜைத் தட்டிக் கழற்றுகிற அந்தக் கொக்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் தங்கத்தின் அடியில் மாட்டினேன். உங்களிடம் மட்டும் ஓர் உண்மை சொல்கிறேன். நான் ஒட்டியது அவ்வளவு லேசில் வருகிற ஒட்டல் இல்லை. சும்மா பயமுறுத்தினால் மாராத்தாள் பதறிப்போய் வேண்டாம் என்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாராத்தாள் பதறவில்லை. சந்தோஷமாகக் கைக்குட்டையை விரித்து, கவுண்டரின் மோவாய்க்குக் கீழே ஏந்திப் பிடித்தாள். பத்தர் தராசுப் பெட்டியைத் திறந்தார்.

கொக்கியை எடுக்கவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை. இடது கை விரலால் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவது போல் பாவனை செய்தேன். அவ்வளவுதான், கவுண்டர் வாயை மூடிவிட்டார். என் விரல் உள்ளே இருந்தது. கட்டின நாளிலிருந்து ஒன்றையுமே கடிக்காத அந்தத் தங்கம் முதன்முதலாகக் கடித்தது என் ஆள்காட்டி விரலை.

நான் போட்ட சத்தத்தில் கீழே யாரோ துணிக்கட்டைக் கீழே போட்டார்கள். வலி உயிர் போனது. ஆனால் வைத்திய புத்தி எங்கே போகும்? கடி நன்றாக இருந்தது. தூண் பற்கள் இரண்டும் ஆடவில்லை. இடப்பக்க எலும்பு சன்னமாகியிருந்தாலும் பாரம் தாங்கும் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. வேறு எந்தப் பரிசோதனையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

கவுண்டர் வாயைத் திறந்து விரலை விட்டார். மனைவியைப் பார்த்தார். அவர் குரல் உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை, அன்றைக்கும் உயரவில்லை.

"புள்ள, இது உன்ர வளையல் இல்ல. என்ர பல்லு. நான் கறிய மென்னு தின்னு ஒரு வருசமாச்சு. எனக்குத் திங்கோணும்" என்றார்.

மாராத்தாள் கைக்குட்டையை மடித்தாள். பத்தர் பெட்டியை மூடினார். நான் விரலை டெட்டாலில் முக்கிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்த வைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருபக்கமும் சுத்தம் செய்தேன், வலப்பக்கத்தில் உயர்ந்து இடித்த முனைகளைக் கொஞ்சம் இழைத்துவிட்டேன். முதலில் இட்லி, பிறகு சோறு, அப்புறம் கறி என்று படிப்படியாக இடப்பக்கம் பழகச் சொன்னேன். ஆனால் ஒரு வருஷமாகப் பழகின நாக்கு டாக்டர் சொன்னால் கேட்காது. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளும் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். மூன்று வேளையும் எதிரில் நின்று எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று பார்ப்பது உன் பொறுப்பு, பல் இறுகாவிட்டால் உன்னைத்தான் கேட்பேன் என்று மாராத்தாளிடம் சொன்னேன். அவளுக்குப் பொறுப்பு என்றால் பொறுப்புதான். கல்யாணத்தில் உடும்பஞ்சோலைச் சம்பந்தி பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்க, இவள் பரிமாறுகிற கரண்டியோடு எதிரில் நின்று கன்னத்தைக் காட்டிக் காட்டி ஜாடை செய்தாளாம். சம்பந்தி, தன் கன்னத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் பந்தி முடிகிற வரை துடைத்துக்கொண்டே இருந்தாராம். இதை எனக்குச் சொன்னது கவுண்டர்.

சில மாசம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். வலப்பக்கப் பற்கள் இறுகியிருந்தன. படத்தில் கறுப்பு இடைவெளி நன்றாகக் குறுகியிருந்தது. இடப்பக்கம் தங்கம் மங்கி, மேலெல்லாம் கீறல். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திருப்தி. கண்ணாடியைப் பிடித்து மாராத்தாளிடமும் காட்டினேன். கொஞ்சம் அழவிடலாம் என்று ஒரு குறும்பும் இருந்தது. அவள் அழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தலைப்புக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள். கலெக்டர் குரல் இல்லை அது.

"ஏனுங்க டாக்டரம்மா, பல்லே இல்லாத எடத்துல எலும்பு என்னங்க ஆகும்?"

பாரம் விழாவிட்டால் நாளாக நாளாகக் கரைந்து தாழ்ந்துவிடும் என்றேன். யாருக்கு என்று கேட்டேன். அவள் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். கவுண்டர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து, தலைப்பை இறக்கி, வாயைத் திறந்தாள்.

வலப்பக்கம் மேலும் கீழும் கடைவாயில் ஒன்றுமே இல்லை. ஈறுக்கு அடியில் எலும்பு கத்தி விளிம்பு மாதிரி மெலிந்து போயிருந்தது. இடப்பக்கம் மேலே எல்லாம் இருந்தன. கீழே நடுவில் ஒரு பல் இல்லை, இருபுறமும் நல்ல பற்கள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஒன்றோ இரண்டோ ஆடியதாம், சந்தை ஆளிடம் பிடுங்கிக்கொண்டாளாம். சொல்லிக்கொள்கிற விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. கவுண்டருக்கு ஒரு பல் விழுந்ததும் வளையல் வந்தது, பத்தர் வந்தார், தராசு வந்தது. இவள் பாதி வாயை இழந்திருக்கிறாள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசத்தில் கரைத்து விழுங்குகிறவள் எப்படி மெல்லுகிறாள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு மனசு ரொம்ப வலித்தது. தங்கப் பைத்தியம் என்று அவளை நான் மனசுக்குள் திட்டியிருந்தேன். திட்டியது நியாயம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இருந்தாலும் வலித்தது.

கவுண்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்குக் கடலக்கா புடிக்காதுன்னே இத்தன வருசமும் நெனச்சுட்டிருந்தனுங்க" என்றார்.

மாராத்தாள் அவரைப் பார்க்காமல், தனக்கு இன்னும் எலும்பு மிச்சமிருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். இடப்பக்கம் தாராளமாக இருக்கிறது, அங்கே கட்டலாம் என்றேன். வலப்பக்கத்துக்குக் கழற்றி மாட்டுகிற செட் ஒன்று பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் உடனே, வயசான காலத்தில் தனக்கெதற்குத் தங்கம், அந்த இன்னொரு வளையல் இன்னும் கட்டிக்கொடுக்காத சின்னப் பெண்ணுக்கு இருக்கட்டும் என்றாள். கவுண்டர் படியிறங்கிப் போய் வளையலோடு பத்தரைக் கூட்டிவர வண்டிக்காரனை அனுப்பிவிட்டு வந்தார். தங்கம் உருகியபோது மாராத்தாள் நாற்காலியில் இருந்ததால் மணை போட்டு உட்கார்ந்தது கவுண்டர்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் மெக்கானிக்கை முறைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகையால், பேஷண்ட்டைப் பார்த்து முடித்ததும் துணைக்கு வந்தவரையும் ஒரு நிமிஷம் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றுமில்லை என்று இருவருமே சொல்வார்கள். நீங்கள் பாட்டுக்கு விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு கவுண்டர் ஒருநாள் தனியாக வந்தார். பல்லில் கோளாறு இல்லை, மனைவி மேல் புகார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஒரு முறம் நிறைய வறுத்த கடலைக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். தோல் உரித்துக் கொடுப்பது இவர் வேலையாம். இவர் ஒன்று உரிப்பதற்குள் அவள் நாலு தின்றுவிட்டு, என்ன தூங்குகிறீர்களா என்கிறாளாம்.

"தங்கம் தேயறதப் பத்தி இப்ப எங்க ஊட்டுல யாரும் பேசறதில்லீங்க டாக்டரம்மா. உரிச்சு உரிச்சு என்ர நகந்தான் தேஞ்சு போச்சு" என்று பத்து விரலையும் மேஜை மேல் விரித்துக் காட்டினார்.

விரலுக்கு வைத்தியம் பார்க்க நான் படிக்கவில்லை என்று சொல்லி, போய் இன்னும் கொஞ்சம் உரியுங்கோ என்று அனுப்பிவைத்தேன்.